கண்மாய் மீனும் தொட்டிக் கீரையும்

போன தை மாசம் பெங்களூரிலிருந்து அக்கா மகன் ஊருக்கு வந்தான். பொங்கலுக்குக் கரும்பு வாங்கிட்டு வருவான்னு பார்த்தா, திண்டுக்கல் டவுனில் இறங்கி பன்னிரண்டு தங்கமீன் வாங்கி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, இதுக்குப் பேரு அக்வாபோனிக்ஸ். கீழ தொட்டியில மீன், மேல ஜல்லியில செடி. மீன் தண்ணிய மோட்டார் மேல ஏத்தும். செடி சத்தை எடுத்துக்கிட்டு தண்ணிய கீழ விட்டுரும். மண்ணும் வேணாம், உரமும் வேணாம்" என்றான்.

திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த எங்கம்மா, "கண்மாய் இதத்தானடா செஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம்.

நீல பேரலை அறுத்து ஜல்லி நிரப்பி, முந்நூறு லிட்டர் தொட்டிக்கு மேலே வைத்தோம். குழாய்த் தண்ணியைப் பிடித்து அன்றைக்கே மீனை விட்டோம். பத்து நாளில் எட்டு மீன் செத்து மிதந்தது. செடியும் மஞ்சளடித்து நின்றது. மிச்சமிருந்த நாலு மீனைத் தூக்கிக் கிணத்துத் தண்ணி நிரப்பிய வேறொரு தொட்டியில் விட்டுவிட்டு, எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போன இடத்தில் அம்மா சொன்னதுதான் வந்து நின்றது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. அது மீனுக்கே விஷம். தண்ணீரில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட் செடிக்கு நல்ல உணவு. நைட்ரேட் உண்டாவது நுண்ணுயிரின் வேலை என்பதை 1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய்க்குள் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். முதல் இருபது நாள் ஒண்ணும் நடக்கவில்லை. பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் விட்டதும் நின்றுபோனது. அப்படியானால் இது வெறும் ரசாயனம் இல்லை, உயிர் செய்யும் வேலை. அந்த இருபது நாளைத்தான் நாங்கள் பொறுக்கவில்லை. குழாய்த் தண்ணியில் இருந்த பிளீச்சிங் பவுடரும் அந்த உயிர்களை வளரவிட்டிருக்காது.

அக்வாபோனிக்ஸ் இப்போதைய வடிவத்துக்கு வந்தது பிந்தித்தான். 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஆல்கெமி நிறுவனத்தார் கண்ணாடிக் குடிலுக்குள் மீனையும் காய்கறியையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். 1980-களில் விர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். தண்ணீர் பஞ்சமான தீவு அது. அங்கே தொட்டியில் வளர்ந்தது திலாப்பியா, நம்ம ஜிலேபி மீனின் சொந்தக்காரன். ஜிலேபியும் நம்ம ஊர்க்காரன் இல்லை. 1952-ல்தான் இந்தியாவுக்குள் வந்தது. தங்கமீன் அதைவிடப் பழசு. சீனாவில் சோங் அரசர் காலத்திலேயே அழகுக்காக வளர்த்திருக்கிறார்கள். நம் கெண்டைக்குப் பங்காளி முறை. அழுக்கு அதிகம் போடும், தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வீட்டுத் தொட்டிக்கு அதைச் சொல்கிறார்கள்.

இனி கண்மாய்க்கு வருவோம். டவுனில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். மழைக்குக் கண்மாய் நிறையும். கெண்டையும் விராலும் கெளுத்தியும் அதில் வளரும். மடையைத் திறந்தால் மீன் கிடந்த தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒருநாள் ஊரே கூடும். பெரியவர் ஒருத்தர் கரையில் நின்று துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலையோடு எல்லாரும் இறங்குவார்கள். மீன்பிடித் திருவிழா அது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும். அப்புறம் அடியில் கிடக்கும் கரம்பை மண்ணை மாட்டு வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவோம். மீன் கழிவு, இலை தழை, ஆட்டுப் புழுக்கை எல்லாம் மக்கிக் கிடக்கும் வண்டல் அது.

இதற்கெல்லாம் செலவுக்குக் காசு? அதையும் மீனே கொடுத்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருமானம் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்டும் பணம். அதை ஏரி பராமரிப்புக்கே ஒதுக்கிய ஊர்கள் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவே இருக்கிறது. நம்ம பக்கம் இன்றைக்கும் கண்மாய் மீனை ஏலம் விடுவதை 'மீன்பாசி ஏலம்' என்றுதான் சொல்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சொல் எங்க டீக்கடையில் தினம் புழங்குகிறது.

நம்ம முன்னோர் அமெரிக்காவுக்கு முன்னாடியே அக்வாபோனிக்ஸ் கண்டுபிடிச்சுட்டாங்க என்று நான் மீசையை முறுக்கவில்லை. கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போனால் போனதுதான், திரும்பி வராது. அதைத் திரும்ப மீனிடமே கொண்டுவருவதுதான் புதுசு. தண்ணீர் இருந்த காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. எங்க ஊர்க் கண்மாய் கடைசியாக மறுகால் போனது எப்போ என்று என் மகனுக்குத் தெரியாது. வரத்து வாய்க்கால் மேடாகிவிட்டது, உள்ளே சீமைக்கருவேலம் நிற்கிறது. 2017-ல் வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளலாம் என்று அரசு அனுமதித்தபோது நானும் டிராக்டரில் நாலு நடை அள்ளினேன். மண்ணை அள்ள வண்டிகள் வந்தன. வாய்க்காலை வெட்ட ஆள் கூடவில்லை.

மறுபடி தொட்டி போட்டபோது அம்மா சொன்னபடி கேட்டோம். கிணத்து வாய்க்காலில் பாசி பிடித்துக் கிடந்த கல்லை ஒரு சட்டி அள்ளி ஜல்லியோடு போட்டோம். கிணத்துத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் மீன் தீனி போட்டு, மீன் இல்லாமலே ஒரு மாசம் மோட்டாரை ஓட்டினோம். பிறகு மிச்சமிருந்த நாலு தங்கமீனை விட்டோம். நாலும் உயிரோடு இருக்கின்றன. சிறுகீரை மூணு தடவை அறுத்தாச்சு. தக்காளி பூ விட்டிருக்கு. சித்திரை வெயிலுக்குத் தொட்டி மேலே தென்னங்கீற்று போட்டிருக்கிறோம்.

தொட்டி அடியில் சேறு சேரும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். முதல் தடவை அக்கா மகன் அதை வாளியில் பிடித்துச் சாக்கடையில் ஊற்றப் போனான். அம்மா வாளியைப் பிடுங்கி முருங்கை மரத்தூரில் ஊற்றினார்.

"கரம்பையைப் போயி எவனாவது சாக்கடையில கொட்டுவானா?" என்றார். இந்தத் தடவை நாங்க சிரிக்கவில்லை.

அவன் லீவு முடிந்து போய்விட்டான். இப்போ வாளி என் கையில். வர்ற ஞாயித்துக்கிழமை வரத்து வாய்க்காலில் மண்வெட்டியோடு இறங்கலாம் என்று ஐந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூணு பேர் வர்றதாகச் சொல்லியிருக்கிறார்கள்.