குழந்தைப் புற்றுநோயில் குருத்தணுச் சேகரிப்பு

நியூரோபிளாஸ்டோமா போன்ற முரட்டுக் கட்டிகளுக்குத் தரும் உச்ச அளவு கீமோ, எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே அழித்துவிடும். அதற்கு முன்பே குழந்தையின் குருத்தணுக்களை எடுத்து உறையவைத்து, பிறகு திருப்பிச் செலுத்துவதே இம்முறை. ரத்தம் உண்டாக்கும் குருத்தணுக்கள் உண்டு என்பதை 1961-இல் டில், மெக்கல்லக் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். நெடுங்காலமாக, குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பில் பலமுறை ஊசி குத்தித்தான் மஜ்ஜையை எடுத்தார்கள். குழந்தைப் புற்றுநோய் மருத்துவரான கர்ட் சிவின் 1984-இல் சிடி34 என்ற அடையாளப் புரதத்தை அறிவித்ததும் இந்த அணுக்களை எண்ண வழி பிறந்தது. 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசி, அவற்றை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கிவிட்டது.

சின்ன உடம்பில் போதிய அணு கிடைக்காது என்ற அச்சத்துக்குக் கணக்கில் இடமில்லை. தேவை எடைக்கு ஏற்பவே: கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 அணுக்கள். பத்துக் கிலோ குழந்தையின் ரத்தம் ஏறத்தாழ 750 மில்லி. அதை அணுப் பிரிக்கும் இயந்திரத்தில் மூன்று சுற்று ஓட்டிப் பிரித்தாலும் இரண்டேகால் லிட்டர்தான். பெரியவருக்கோ அது 15 லிட்டர். உண்மையான இடைஞ்சல், பெரியவர்களுக்கென்று செய்த அந்த இயந்திரம்தான். அதன் குழாய்களை நிரப்பவே 200 மில்லி அளவுக்கு ரத்தம் போய்விட்டால் குழந்தை தாங்காது. ஆகவே கதிர்வீச்சு செய்த தானச் சிவப்பணுக்களால் குழாயை முன்கூட்டியே நிரப்புகிறார்கள். ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைக்கும். அப்போது உதடு மரத்துப்போவதைப் பெரியவர் சொல்வார். கைக்குழந்தை அழத்தான் செய்யும். அதனால் கால்சியத்தை அடிக்கடி சோதித்து, மெதுவாகவே ஓட்ட வேண்டியிருக்கிறது. இவை சிரமங்கள்தாம், ஆனால் தீர்க்கக்கூடியவை.

இதைவிட வலுவான மறுப்பு, எடுத்த அணுக்களோடு புற்றணுவும் திரும்பிவிடுமே என்பது. 1994-இல் மரபணுக் குறியிட்ட மஜ்ஜையை நியூரோபிளாஸ்டோமா குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்ததில், நோய் மீண்டபோது குறியிட்ட புற்றணுக்கள் கண்டறியப்பட்டன. கவலை கற்பனையல்ல. ஆனால், ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களைச் சுத்திகரித்தும் சுத்திகரிக்காமலும் தந்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானபோது, உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உடலில் எஞ்சியிருக்கும் நோயே மீள்வதற்குப் பெரிய காரணம் என்று கொள்வதே பொருத்தம். அந்த ஆய்வில் இரண்டு சுற்றுக் கீமோ முடிந்த பிறகே அணுக்களை எடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு முன் எடுத்தால் நோயணு மிகுதி. பல சுற்றுகள் தள்ளிப்போட்டால் மஜ்ஜை களைத்துவிடும். அப்படிக் களைத்த குழந்தைகளுக்காகவே 2019-இல் ஐரோப்பாவில் பிளெரிக்ஸாஃபர் மருந்தின் அனுமதி ஒரு வயது முதலான சிறாருக்கும் விரிவாக்கப்பட்டது.