தொலைநிலைக் கல்வி ஒழுங்குமுறை (இந்தியா)

இந்தியாவில் தொலைநிலையில் பட்டம் வழங்க ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் பொதுவாகத் தேவை. 2013 வரை இப்பொறுப்பு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த குழுவிடம் இருந்தது. அப்பல்கலைக்கழகமே தொலைநிலைப் படிப்புகளை நடத்தியதால், ஆட்டக்காரரே நடுவராகவும் நின்ற விசித்திர ஏற்பாடு அது. இப்போது நடப்பிலிருப்பவை 2020ஆம் ஆண்டு விதிமுறைகள். மருத்துவம், பொறியியல், செவிலியம் போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது. தனியார் மையங்களுக்கு உரிமம் கொடுத்து மாணவர் சேர்க்கவும் தடை உண்டு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் முடக்கியது. 2001–2005 கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தேர்வெழுதிப் பட்டத்தைக் காத்துக்கொள்ள வழி விட்டது. வேலையில் இருந்தவர்களும் மறுபடி பரீட்சைக்கு உட்கார வேண்டியதாயிற்று. ஒப்புதல் மொத்தமாகக் கிடைப்பதில்லை. பாடப்பிரிவு வாரியாகவே தரப்படுகிறது. எனவே, சேருமுன் மானியக் குழுவின் இணையதளப் பட்டியலில் படிப்பின் பெயரையும் கல்வியாண்டையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.