தெய்வநிலை அடைதல்: மார்மன் நம்பிக்கையும் அதைப் பொதுவெளியில் பேசும் முறையும்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

உலகம் ‘மார்மன்கள்’ என்று அழைக்கும் மக்களின் திருச்சபைக்குப் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது முறையான பெயர். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபைக்கு இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி தலைமையிடம். ‘மார்மன்’ என்ற அடையாளத்தைக் கைவிட்டு முழுப்பெயரை வழங்குமாறு 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். வாசகருக்குப் பழகிய பெயர் என்பதால் இக்கட்டுரை அதையே ஆள்கிறது. இகழ்ச்சி நோக்கம் எதுவும் இல்லை.

மனிதன் இறுதியில் தன் பரம பிதாவைப் போல் ஆகலாம், தெய்வநிலையை எய்தலாம் என்பது இச்சபையின் நம்பிக்கை. சபையார் இதை ‘மேன்மையடைதல்’ என்பர். பிற கிறிஸ்தவர்கள் இவர்களைக் கிறிஸ்தவர்களாக ஏற்கத் தயங்குவதற்கு இந்நம்பிக்கை ஒரு முதன்மைக் காரணம். கேலிக்கும் இதுவே அதிகம் ஆளாகியிருக்கிறது. இதைப் பற்றி ஆலயத்துக்குள் ஒரு குரலிலும் செய்தியாளர் முன் வேறொரு குரலிலும் சபையார் பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அதை நேர்மையாக எடைபோட வேண்டுமானால், ஒரே கோட்பாடாகக் கருதப்படும் இதில் இரண்டு கூற்றுகள் உள்ளன என்பதை முதலில் காண வேண்டும். ஒன்று, மனிதனின் எதிர்காலத்தைப் பற்றியது. மற்றது கடவுளின் கடந்தகாலத்தைப் பற்றியது. முன்னது மறைநூல் ஏறியது, பின்னது ஏறாதது. பொதுப்பேச்சில் நிகழ்ந்த தடுமாற்றங்கள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால், அல்லது ஒன்றைக் காக்க மற்றொன்றையும் சேர்த்து மறைத்ததால் வந்தவை என்பது என் துணிபு.

2. படைக்கப்படாத உயிர்

மரபுவழிக் கிறிஸ்தவத்தில் கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தார். படைத்தவருக்கும் படைக்கப்பட்டதற்கும் இடையே உள்ள பிளவு எக்காலத்தும் இணையாதது. மார்மன் சிந்தனை தொடக்கத்திலேயே இந்தப் பிளவை ஏற்க மறுக்கிறது. 1833 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் கர்ட்லாண்டில் ஸ்மித் வெளியிட்ட வெளிப்பாடு, இன்று ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்னும் மறைநூலின் 93ஆம் பிரிவாக உள்ளது. மனிதனின் அறிவுப்பொருள் படைக்கப்படவில்லை, படைக்கப்படவும் முடியாது என்பது அதன் சாரம். பத்தாண்டுகள் கழித்து, 1843இல் வந்த போதனைகள் இன்னும் துணிந்தவை: பிதாவுக்குத் தசையும் எலும்பும் கொண்ட உடல் உண்டு, ஆவியும் நுண்ணிய பருப்பொருளே.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மேன்மையடைதல் ஏன் சாத்தியம் என்பது விளங்கும். கடவுளும் மனிதனும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள்; பிதாவும் பிள்ளையும் என்ற உறவு அவர்களுக்கு உவமை அன்று, மெய்யான உறவு. மண்ணுலகப் பிறப்புக்கு முன்பே ஆவிப்பிள்ளைகளாக மனிதர்கள் பரலோகத்தில் வாழ்ந்தார்கள் என்றும், உடல் பெறவும் சோதிக்கப்படவும் இங்கே வந்தார்கள் என்றும் சபை கற்பிக்கிறது. ஆதாமின் வீழ்ச்சி இவர்களுக்கு வெறும் பேரழிவு அன்று. பயணத்தில் தேவையான ஒரு படி.

விமர்சகர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றை இங்கேயே சொல்லியாக வேண்டும். கிறிஸ்துவின் பாவநிவாரணம் இன்றி எவரும் இந்நிலையை எட்ட முடியாது என்பதில் சபையின் போதனை உறுதியானது. மேன்மையடைந்தவர் பிதாவுக்குப் போட்டியாக நிற்பதில்லை. என்றென்றும் அவரையே வணங்குகிறார்.

3. மூன்று மகிமைகளும் திருமண முத்திரையும்

1832 பிப்ரவரி 16 அன்று ஒஹையோவின் ஹைரம் என்ற ஊரில், ஒரு பண்ணை வீட்டின் மாடியில், ஸ்மித்தும் அவருடைய நெருங்கிய துணைவர் சிட்னி ரிக்டனும் ஒரு காட்சி கண்டதாக அறிவித்தனர். 76ஆம் பிரிவாக மறைநூலில் இடம்பெற்ற அக்காட்சி, சொர்க்கம் நரகம் என்ற இருமையைக் கலைத்துவிட்டது. சிலெஸ்டியல், டெரஸ்ட்ரியல், டிலெஸ்டியல் என மூன்று மகிமை உலகங்கள். சூரியன், நிலவு, விண்மீன்கள் ஆகியவற்றின் ஒளிபோல் இறங்குவரிசையில் அவை அமைகின்றன. கொடியவர்களாக வாழ்ந்தவர்களுக்குக்கூட இறுதியில் ஒரு மகிமை உண்டு. மகிமையே இன்றிப் போவோர் மிகச் சிலர். அன்றைய அமெரிக்கப் பிரசங்க மேடைகளில் நரகத்தீ எரிந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வளவு பரந்த மீட்பைச் சொல்லத் துணிந்தது பெரிய காரியம். சபையினரிலேயே சிலர் இதை ஏற்கத் திணறினர். மிக உயர்ந்த உலகை எட்டியவர்களைத் தேவர்கள் என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. அதாவது, கோட்பாட்டின் கரு 1832இலேயே மறைநூலில் விழுந்துவிட்டது.

1843இல் இதற்கு ஒரு நிபந்தனை தெளிவாயிற்று. சிலெஸ்டியல் உலகிலும் மூன்று படிகள் உண்டு. அவற்றில் உச்சிப் படிக்குத் தனியாள் செல்ல முடியாது. ஆணும் பெண்ணும் குருத்துவ அதிகாரத்தால் நித்தியத்துக்கும் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். 131, 132ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. மேன்மையடைதல் தனி மனிதச் சாதனை ஆகாமல் குடும்பத்தின் பயணமாக மாறியது இங்கேதான். ஆலயத்தின் முத்திரை அறையில் மணமக்கள் பீடத்தின் இருபுறமும் முழந்தாளிட்டுக் கைகோக்கிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள கண்ணாடிகளில் அவர்கள் உருவம் முடிவின்றிப் பெருகித் தெரியும்.

இறந்த மூதாதையருக்காகவும் உயிரோடிருப்போர் பதிலாளாக நின்று ஞானஸ்நானமும் முத்திரையும் பெறுகிறார்கள். 1894இல் தொடங்கிய யூட்டா வம்சாவளிச் சங்கமும், அதிலிருந்து வளர்ந்து இன்று உலகமெங்கும் பயன்படும் ஃபேமிலிசர்ச் ஆவணத் தொகுப்பும் இந்நம்பிக்கையின் நேரடி விளைவுகள். மேன்மையடைதலை வெறும் விண்வெளிக் கற்பனையாகச் சித்திரிப்பவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

132ஆம் பிரிவில் ஒரு சுமையும் உண்டு. நித்தியத் திருமணத்தோடு பலதார மணத்தையும் அதே பிரிவு அனுமதிக்கிறது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் சபையின் அப்போஸ்தலர் ஆர்சன் பிராட் அதைப் பகிரங்கமாக அறிவித்தார். 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃபின் அறிக்கை புதிய பலதார மணங்களுக்கு முடிவுகட்டத் தொடங்கியது. அதன்பின் சபை தன் போதனையை ஒருதார நித்தியத் திருமணமாக வகுத்துக்கொண்டது. ஆனால் பிரிவின் வாசகம் அப்படியே இருக்கிறது. அதை வாசிக்கும் பெண்களின் மனத்தாங்கலைச் சபை இன்னும் முழுமையாகத் தீர்த்துவைத்ததாகச் சொல்ல முடியாது. மணமாகாதோர் நிலையும் இத்தகையதே. உண்மையாக நடந்த எவருக்கும் மறுமையில் அந்த வாய்ப்பு மறுக்கப்படாது என்று தலைவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

தம்பதியராகவே மேன்மை எனில், பிதாவுக்கு இணையாகப் பரலோகத் தாயும் உண்டு என்பது இயல்பாகத் தொடரும். 1845இல் எலைசா ஸ்னோ எழுதிய கவிதையின் வழியே அந்நம்பிக்கை மக்களிடம் பரவியது. 1995 செப்டம்பரில் வெளியான குடும்பம் குறித்த பிரகடனமும் பரலோகப் பெற்றோரைக் குறிப்பிடுகிறது. ஆயினும் அத்தாயிடம் ஜெபிக்கலாகாது என்பது சபையின் நிலை.

4. மறைநூல் ஏறாத உரை

இதுவரை சொன்னவை மனிதனின் எதிர்காலம் பற்றியவை. கடவுளின் கடந்தகாலம் பற்றிய கூற்று 1844 ஏப்ரல் 7 அன்று இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் வெளிப்பட்டது. கிணற்று வேலையின்போது கல் விழுந்து இறந்த கிங் ஃபாலட் என்ற சபை உறுப்பினரின் நினைவாக, மாநாட்டுக்குத் திரண்ட ஆயிரக்கணக்கானோர் முன் ஸ்மித் பேசினார். கடவுளும் ஒரு காலத்தில் மனிதர் போன்ற நிலையில் இருந்தவர், ஓர் உலகில் வாழ்ந்தவர், இன்று மேன்மையடைந்தவராக அரியணையில் வீற்றிருக்கிறார் என்பது அவ்வுரையின் உச்சம். மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் அவரை ஒரு கும்பல் சுட்டுக்கொன்றது. உரையை அவர் சரிபார்த்து வெளியிடவே இல்லை. வில்லர்ட் ரிச்சர்ட்ஸ், உட்ரஃப், தாமஸ் புல்லக், வில்லியம் கிளேட்டன் ஆகிய நால்வரும் தனித்தனியே எடுத்த குறிப்புகளே நமக்கு எஞ்சியவை.

இவ்வுரையைச் சபை நடத்திய விதம் கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு ஆகஸ்டில் சபையின் இதழ் இதை அச்சிட்டது. 1912இல் சபை வரலாற்றின் ஆறாம் தொகுதி வந்தபோது, குறிப்புகளின் துல்லியம் பற்றிய ஐயத்தால் உரை அதில் இடம்பெறவில்லை; 1950இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1971இல் சபையின் ‘என்சைன்’ இதழ் அதை மறுபதிப்புச் செய்தது. மறைநூலில் மட்டும் ஒருபோதும் சேரவில்லை. போற்றவும் செய்து விலக்கியும் வைத்த இந்த நிலையே பிற்காலப் பொதுப்பேச்சின் தன்மையைத் தீர்மானித்தது.

லொரென்சோ ஸ்னோவின் அனுபவம் இதற்கு முந்தியது. எலைசாவின் தம்பியான இவர், 1840இல் இரு கூற்றுகளையும் ஒரே ஈரடியில் அடக்கினார்: இன்றைய மனிதன் போல் கடவுள் முன்பு இருந்தார், இன்றைய கடவுள் போல் மனிதன் நாளை ஆகலாம் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் ஊழியம் செய்தபோது அப்போஸ்தலர் பிரிகம் யங்கிடம் தனிமையில் இதைச் சொன்னார். தீர்க்கதரிசியான ஸ்மித் தாமே வெளிப்படையாகப் போதிக்கும்வரை பேசாதிருக்கும்படி யங் அறிவுரை கூறினார். பின்னர் சபையின் ஐந்தாம் தலைவரான ஸ்னோவின் பெயரோடு அந்த ஈரடி ஒட்டிக்கொண்டது. எதை எப்போது பேசுவது என்ற கேள்வி, ஆக, விமர்சகர்கள் கண்டுபிடித்ததன்று, கோட்பாட்டோடு உடன்பிறந்தது.

5. பொதுவெளியில் கோட்பாடு

முற்காலத்தில் தயக்கம் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த வான் டெர் டாங்க்ட் என்ற கத்தோலிக்கக் குரு, மார்மன் தெய்வக் கோட்பாட்டை மறுத்து எழுதினார். மறுப்பைச் சபையின் சொந்த இதழே வெளியிட்டது. சபையின் உயர் அதிகாரிகளில் ஒருவரான பி. எச். ராபர்ட்ஸ் விரிவாகப் பதில் எழுதினார். இருவர் வாதமும் 1903இல் ஒரே நூலாக வந்தது. எதிரியின் வாதத்தைத் தன் செலவில் அச்சிடும் துணிவு எந்தச் சமயத்துக்கும் அழகு. இன்றும் நான் வியந்து படிக்கும் விவாதம் அது.

நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று மாறியது. 1982இல் வெளியான ‘தி காட் மேக்கர்ஸ்’ என்ற எதிர்ப்புப் படம், கார்ட்டூன் சித்திரங்களோடு மேன்மையடைதலைக் கோள்களை ஆளும் ஆசையாகச் சித்திரித்துத் தேவாலயங்கள் தோறும் திரையிடப்பட்டது. 2011இல் பிராட்வேயில் ஏறிய இசை நாடகமும் அதே கேலியைத் தொடர்ந்தது. சபைக்குள் ‘முதலில் பால், பிறகு திட உணவு’ என்ற விவிலிய வழக்கு உண்டு. புதியவருக்கு ஆழ்ந்த போதனைகளை உடனே ஊட்டக் கூடாது என்பது கருத்து. ஆலயச் சடங்குகளைப் பற்றி ‘இரகசியமன்று, புனிதம்’ என்பார்கள். இந்தப் பழக்கங்களோடு கேலிக்கு அஞ்சும் மனமும் சேர்ந்ததால் வெளியாரிடம் பேச்சு சுருங்கிற்று.

கார்டன் ஹிங்க்லி அச்சுருக்கத்தின் தெளிவான சான்று. 1994 அக்டோபர் மாநாட்டில், நற்செய்தியின் முழு நோக்கமும் மனிதரைத் தெய்வநிலை வரை உயர்த்துவதே என்று அவர் சபையாரிடம் பேசினார். கிங் ஃபாலட் உரையையும் ஸ்னோவின் ஈரடியையும் ஆதாரம் காட்டினார். மூன்றாண்டுகள் கழித்து, தலைவராக, ‘சான்ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ நாளிதழும் ‘டைம்’ வார இதழும் கண்ட நேர்காணல்களில், கடவுள் முன்பு மனிதராயிருந்தாரா என்ற கேள்விக்கு அதை அழுத்திப் போதிப்பதில்லை என்ற பாங்கில் பதிலளித்தார். விமர்சகர்கள் அதை மறுதலிப்பு என்றனர். அதே ஆண்டு அக்டோபர் மாநாட்டில், முழுமையற்ற செய்திகளைக் கண்டு கலங்க வேண்டாம், கோட்பாட்டைத் தாம் நன்கறிந்திருப்பதாக அவர் சபையாருக்கு உறுதி சொன்னார்.

ஹிங்க்லி பொய் சொன்னார் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது கடவுளின் கடந்தகாலம் பற்றி. அது மறைநூலில் இல்லை, வாராந்திரப் பாடங்களிலும் அருகியே வருகிறது. ஆனால் அவர் கொடுத்த பதிலில் இந்த வேறுபாடு வெளிப்படவில்லை. மனிதனின் எதிர்காலம் பற்றி உறுதியாகச் சொல்லி, கடவுளின் கடந்தகாலம் பற்றி ஓர் உரை உண்டு, அது எங்கள் மறைநூல் அன்று என்று கூறியிருந்தால் விவாதம் அங்கேயே தெளிந்திருக்கும்.

2007 டிசம்பரில், மார்மனான மிட் ராம்னி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் களத்தில் இருந்த வேளையில், ஃபாக்ஸ் நியூஸ் கேட்ட வினாக்களுக்குச் சபை எழுத்துவழி விடையளித்தது. தெய்வமாவீர்களா என்ற கேள்விக்கு, பேதுருவும் பவுலும் சொன்ன தெய்வசுபாவப் பங்கையும் கிறிஸ்துவோடு உடன் சுதந்தரராதலையும் எடுத்துக்காட்டி, பிதாவைப் பின்பற்ற முயல்வதே பொருள் என்றது. 2009இல் திருத்தி வெளியிட்ட ‘நற்செய்திக் கொள்கைகள்’ பாடநூல், பிதாவைப்போல் தேவர்கள் ஆகலாம் என்று முந்தைய பதிப்பு சொன்ன இடத்தில், பிதாவைப்போல் ஆகலாம் என்று நிறுத்திக்கொண்டது. எனினும் 2012இல் வெளியிட்ட ஸ்னோவின் போதனைத் தொகுப்பில் அந்த ஈரடி ஒளிவின்றி இடம்பெற்றது.

2014 பிப்ரவரியில் சபை தன் இணையத்தளத்தில் வெளியிட்ட விளக்கக் கட்டுரை இவ்வகைப் பேச்சில் மிகச் சிறந்தது. உரையின் வரலாறு, ஈரடி, பரலோகப் பெற்றோர் ஆகிய மூன்றையும் அது பெயர் சொல்லியே விவாதிக்கிறது. ஆளுக்கொரு கோள் என்ற சித்திரத்தைக் கொச்சையாக்கம் என ஒதுக்குகிறது. மேகத்தில் அமர்ந்து யாழ் மீட்டுவது கிறிஸ்தவ இரட்சிப்பின் முழுப் படம் ஆகாததுபோலத்தான் அதுவும் என்கிறது.

6. கீழைத் திருச்சபை ஒப்புமையின் அளவு

இரெனேயு, அத்தனாசியு முதலிய பழந்தந்தையர் தெய்வமயமாதலைப் போதித்தார்கள் என்பதை மார்மன் அறிஞர்கள் விரும்பிச் சுட்டுகிறார்கள். கீழை ஆர்த்தடாக்ஸ் மரபில் தியோசிஸ் என்னும் இத்தெய்வமயமாதல் இன்றும் உயிருள்ள போதனை. இந்த ஒப்புமைக்குப் பயன் உண்டு: மனிதன் தெய்வத்தில் பங்கு பெறுதல் கிறிஸ்தவத்துக்கு அந்நியமான சிந்தனை அன்று என்பதை அது நிறுவுகிறது. அதற்கு மேல் இதை இழுக்கக் கூடாது. பதினான்காம் நூற்றாண்டின் கிரெகோரி பலமாஸ், கடவுளின் ஆற்றல்களில் மனிதன் பங்கு கொள்ளலாம், அவரது சாரத்தில் ஒருபோதும் முடியாது என்று எல்லை வகுத்தார். மார்மன் கோட்பாட்டில் அந்த எல்லையே இல்லை; இருவர் சாரமும் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபை 2001இல் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்ததற்கும் தெய்வத்தைப் பற்றிய இந்த அடிப்படை வேறுபாடே காரணம்.

7. மதிப்பீடு

சபை ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு நிற்காது. 76, 132ஆம் பிரிவுகள் எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய நூலில் உள்ளன. மாநாட்டு உரைகள் அச்சாகின்றன. ஆனால் கேலிக்கு அஞ்சித் தன் நம்பிக்கையைப் பிறருக்குப் பழகிய சொற்களால் மட்டுமே பேசும் போக்கு உண்மை. அது சபைக்கே கேடு. பிள்ளை பெற்றோரைப் போல் வளர்வான் என்ற நம்பிக்கை, இறந்த பாட்டியையும் தொடர்ந்து தேடச் செய்யும் நம்பிக்கை, வெட்கப்படத்தக்கதன்று. அதை உரத்துச் சொல்லும் மார்மன், எந்தப் பகுதி மறைநூல், எந்தப் பகுதி தீர்க்கதரிசியின் கடைசி நாள்களின் உரை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

தமிழில் சமய ஒப்பியல் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள்: இச்சபையைப் பற்றி எழுதுமுன் எதிர்ப்புப் படங்களையும் நாடகங்களையும் ஒதுக்கிவைத்து, கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 76, 93, 132ஆம் பிரிவுகளையும் 2014ஆம் ஆண்டின் விளக்கத்தையும் படியுங்கள்.