ஒரு சட்டம், நாலு நாடு: கருக்கலைப்பும் கருத்தடையும் கடந்து வந்த கதை

1/
அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் எல்லா டாக்டருக்கும் பழக்கமான கேஸ் இது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, பத்து நாளாக ரத்தப்போக்கு நிற்காமல், வெளிறிப்போய் வரும் ஒரு பெண். "ஏம்மா, முதல்லயே இங்க வந்திருக்கலாமே?" என்று கேட்டால், "போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்துட்டேங்க" என்பார்.

இந்தியாவில் 1972லிருந்து கருக்கலைப்பு சட்டப்படி கிடைக்கும் சேவை. 50 வருஷம் தாண்டியும் அந்தப் பயம் ஏன் போகலை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். பக்கத்து நாடுகளையும் எட்டிப் பார்த்துட்டு வருவோம்.

2/
1860. மெக்காலே வரைவு போட்ட இந்திய தண்டனைச் சட்டம் வருகிறது. அதில் பிரிவு 312. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை. கலைத்துவிட்டவர் மட்டும் இல்லை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி.

இன்றைய இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றுக்கும் இதே சட்டம்தான். 1883ல் இலங்கைக்கும் இதே அச்சில் ஒரு தண்டனைச் சட்டம் போனது. அங்கே அது பிரிவு 303.

3/
சட்டத்தைக் கொடுத்த பிரிட்டனே, வட அயர்லாந்து நீங்கலாக, 1967ல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. இலங்கையில் 303 இன்னும் அப்படியே இருக்கிறது. 1995ல் பாலியல் வன்முறை, கருவில் கடுமையான குறைபாடு போன்றவற்றுக்காவது விலக்கு தர ஒரு முயற்சி நடந்தது. நிறைவேறவில்லை. 2017ல் அமைச்சரவை வரைக்கும் போனது. மத அமைப்புகள் எதிர்த்ததும் நின்றுவிட்டது.

இத்தனைக்கும் தாய் சேய் நலத்தில் தெற்காசியாவே இலங்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 2016 கணக்குப்படி அங்கே திருமணமான பெண்களில் சுமார் 65% கருத்தடை பயன்படுத்துகிறார்கள். ஆனால் கருத்தடை தோற்றுப்போன பெண்ணுக்குச் சட்டத்தில் வழியே இல்லை.

4/
இந்தியாவுக்கு வருவோம். திருட்டுத்தனமான கருக்கலைப்புகளில் பெண்கள் சாவதைப் பார்த்து, 1964ல் சாந்திலால் ஷா தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 1966ல் அறிக்கை. 1971ல் எம்.டி.பி. சட்டம். 1972 ஏப்ரல் 1 முதல் அமல்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு, கவனிங்க. 312ஐ யாரும் நீக்கவில்லை. எம்.டி.பி. என்பது அதற்கு மேல் போட்ட ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் 312 என்ற எண் 88 ஆனது, குற்றம் குற்றமாகவே தொடர்கிறது. அந்தப் பெண்ணின் பயத்துக்கு வேர் இங்கேதான்.

5/
பங்களாதேஷ் கதைதான் சுவாரசியம். 1971 போரில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமான பெண்களுக்காக, 1972ல் அரசு இந்தச் சட்டத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தது. பிறகு சட்டம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் 1979ல் 'மாதவிடாய் சீரமைப்பு' என்ற பெயரில் ஒரு சேவையைக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனதா? கர்ப்பமா என்று டெஸ்ட் பண்ணாதே. கையால் இயக்கும் சிரிஞ்ச், ஒரு மெல்லிய குழாய், இரண்டையும் வைத்துக் கருப்பையைச் சுத்தம் செய். கர்ப்பம் என்று நிரூபிக்காதபோது கருக்கலைப்புக் குற்றம் எங்கிருந்து வரும்? கரண்ட் தேவையில்லை, ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளரே 8 வாரம் வரை செய்யலாம் என்றார்கள். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

6/
அதே நாட்டில் மத்லப் என்று ஒரு ஊர்ப்பகுதி. 1977லிருந்து அங்கே ஒரு பாதி கிராமங்களில் பெண் பணியாளர்கள் கருத்தடை மாத்திரை, ஊசியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுபாதியில் வழக்கமான அரசு சேவை மட்டும். காலப்போக்கில் இரண்டு பக்கமும் பெண்கள் சின்னக் குடும்பத்தையே விரும்ப ஆரம்பித்தார்கள். கருத்தடை வீடு தேடி வந்த பக்கம் கருக்கலைப்பு குறைவாகவே நின்றது. மறுபக்கம் ஏறிக்கொண்டே போனது. 2001ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது.

அதாவது, 'இன்னொரு குழந்தை இப்போ வேண்டாம்' என்ற முடிவை அந்தப் பெண் ஏற்கெனவே எடுத்துவிட்டார். கருத்தடை கைக்கு எட்டினால் அதோடு முடிந்தது. எட்டவில்லை என்றால் கருக்கலைப்பு.

7/
பாகிஸ்தானைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 1971 வரை இரண்டும் ஒரே நாடு, ஒரே சட்டம். 1990ல் பாகிஸ்தான் சட்டத்தை மாற்றி, கருவில் உறுப்புகள் உருவாகும் முன்பு 'அவசியமான சிகிச்சை'க்காகச் செய்யலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் 2017-18 கணக்குப்படி அங்கே திருமணமான பெண்களில் சுமார் 34% பேர்தான் கருத்தடை பயன்படுத்துகிறார்கள். பங்களாதேஷில் 62%. பாகிஸ்தானில் 2012ல் மட்டும் சுமார் 22 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பீடு. 6 லட்சம் பேருக்கு மேல் அதன் சிக்கல்களுக்காகச் சிகிச்சை பெற்றார்கள்.

8/
நேபாளம் பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் வந்ததே இல்லை. அங்கே 1854ல் வந்த முலுகி ஐன் வழி. அந்த வழியில் கருக்கலைப்பு கிட்டத்தட்ட கொலை மாதிரி. கரு கலைந்ததற்காகச் சிறையில் கிடந்த பெண்கள் அங்கே உண்டு. 2002ல் சட்டம் மாறியது. 2004ல் காத்மாண்டு அரசு மகப்பேறு மருத்துவமனையில் சேவை தொடங்கியது.

அத்தோடு முடியவில்லை. 1,130 ரூபாய் கட்டணம் கட்ட முடியாததால் ஆறாவது குழந்தையைப் பெற்றே ஆக வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு ஏழைப்பெண்ணின் வழக்கில், 2009ல் நேபாள உச்ச நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. ஏழைக்கு எட்டாத உரிமை உரிமையே இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 1996ல் லட்சம் பிரசவத்துக்கு 539 ஆக இருந்த தாய் மரணம் 2006ல் 281 ஆனது. எல்லாப் பெருமையும் இந்தச் சட்டத்துக்கே இல்லை, ஆனால் இதற்கும் பங்கு உண்டு.

9/
மறுபடியும் நம்ம வீடு. எமர்ஜென்சி காலத்தில், 1976-77 ஒரே வருஷத்தில் சுமார் 83 லட்சம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கள். அதில் 62 லட்சம் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அந்தக் கோபத்தில் ஆட்சி போனது. அதற்குப் பிறகு மொத்தச் சுமையும் பெண்கள் தலையில்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை ஆபரேஷன் சுமார் 38%, ஆண்களுக்கு 0.3%. ஆபரேஷன் என்பது 'போதும்' என்பவர்களுக்கு. 'இப்போ வேண்டாம், ரெண்டு வருஷம் போகட்டும்' என்பவருக்கு? அந்த இடைவெளியில்தான் மெடிக்கல் ஷாப் மாத்திரை வந்து உட்கார்ந்தது. 2015ல் இந்தியாவில் நடந்ததாக மதிப்பிடப்பட்ட 1.56 கோடி கருக்கலைப்புகளில் 73% மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை.

10/
மாத்திரை கெட்டதில்லைங்க. சரியான வாரத்தில், சரியான அளவில், பின்கவனிப்போடு எடுத்தால் பாதுகாப்பானது. கரு குழாயில் தங்கியிருப்பது தெரியாமல் போட்டால்? நாள் தப்பாகக் கணக்குப் பண்ணிப் போட்டால்? அப்போதுதான் உயிர் ஊசலாடும்.

11/
நாலு நாட்டுக் கதையிலும் ஒரே பாடம். சட்டம் இறுக்கமாக இருந்தாலும் பெண்கள் கருவைக் கலைத்தார்கள். எங்கே, யார் கையில், எவ்வளவு ஆபத்தோடு என்பதைத்தான் சட்டம் மாற்றியது. எண்ணிக்கையைக் குறைத்தது கருத்தடை.

அதனால் நினைவில் வையுங்க:

• 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை.
• 2021 திருத்தத்துக்குப் பிறகு திருமணம் ஆனவரா இல்லையா என்பது தடை இல்லை.
• பெயரை வெளியே சொல்வது மருத்துவர் செய்யும் குற்றம்.
• காப்பர் டி, ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ரத்தம் கொட்டின பிறகு வராதீங்க. நாள் தள்ளிப்போன அன்னைக்கே வாங்க. திட்டுவாங்களோன்னு பயப்படாதீங்க. யாராவது திட்டினால் தப்பு அவங்க மேல, உங்க மேல இல்லை.