மதுரைத் தமிழ்ச் சங்கமும் நம் பதிவேடுகளும்

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவினார். சொற்பொழிவாற்ற மதுரை வந்த அவருக்குத் திருக்குறளும் கம்பராமாயணமும் அந்நகரில் கிட்டவில்லை என்பர். ஏடுகளுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே பிறந்ததாம். சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய சங்கம் புத்தகசாலை, கல்லூரி, அச்சகம் என விரிந்தது. அது குடிகொண்ட தெருவே தமிழ்ச் சங்கம் சாலை எனப் பெயர் பெற்றது.

1902 முதல் வெளிவந்த அதன் ‘செந்தமிழ்’ இதழுக்கு ஒருகால் ஆசிரியராயிருந்தவர் மு. இராகவையங்கார். அவர் ‘ஆழ்வார்கள் காலநிலை’ என்னும் நூலில், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் குறித்த வெள்ளியின் எழுச்சியையும் வியாழனின் மறைவையும் கணித்து, கி.பி. 731 என்று காலம் துணிந்தார். அக்கோள்நிலை பலமுறை நிகழ்வதாகலின் எல்லாரும் இதனை ஏற்றிலர். எனினும் இத்தகைய ஆய்வுக்கு வழிசெய்தது, நூல்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தமையே எனக் கருதுகிறோம்.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரச் சபைகளின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளோ குருமனை அலமாரிகளில் கறையானுக்கு இரையாகின்றன. இவ்வூர்கள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால், அக்காலத்து அரசு ஆவணங்களை அம்மாவட்டத் தொகுதிகளிலேயே தேடவேண்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர், தம் சேகரத்து ஏடுகளையேனும் பட்டியலிட்டு வருவாராக.