கான்டன் கரையில் கேட்ட குரல்கள்

தென்சீனாவின் குவாங்சோ நகரை ஐரோப்பியர்கள் கான்டன் என்று அழைத்தார்கள். அந்நகரத்து மக்களின் பேச்சான கான்டனீஸ் மொழிக்கு 1828 முக்கியமான ஆண்டு. ராபர்ட் மோரிசன் என்ற பிரிட்டிஷ் மிஷனரி தொகுத்த கான்டன் பேச்சுமொழி அகராதி அந்த ஆண்டில்தான் மக்காவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சகத்தில் அச்சானது. ஜாவ் சியோங் என்ற கவிஞரின் ‘யுவே ஓவ்’ பாடல்தொகுப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டுமே இன்று மொழி வரலாற்றுக்குச் சான்றுகள். இவற்றில் பெண்களின் பேச்சு எங்கே இருக்கிறது?

அன்று கான்டனில் அந்நிய வணிகர்கள் ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட பண்டகசாலைகளில் மட்டுமே தங்கலாம். அந்நியப் பெண்கள் அங்கே வரக்கூடாது. 1830இல் ஹாரியட் லோ என்ற அமெரிக்க இளம்பெண் தடையை மீறி மக்காவிலிருந்து அங்கே போனார். வணிகத்தையே நிறுத்திவிடுவோம் என்று அதிகாரிகள் மிரட்டியதால் சில வாரங்களில் திரும்ப வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட கரையில் அந்நியர் காதில் விழுந்தது பெரும்பாலும் வணிகர்கள், தரகர்கள், வேலையாட்கள் ஆகிய ஆண்களின் பேச்சுதான்.

‘யுவே ஓவ்’ பாடல்களில் பெண்குரல் நிறைந்திருக்கிறது. முத்து ஆற்றுப் படகுகளில் வாழ்ந்த கணிகையரின் ஏக்கத்தை அவை பாடுகின்றன. ஆனால் எழுதியவர் ஆண். 1904இல் அவற்றை ஆங்கிலத்தில் தந்த செசில் கிளெமென்டியும் ஆண். ஹாங்காங்கின் காலனி அதிகாரி. அந்தப் பெண்கள் சொன்னது எது, அவர்கள் வாயில் கவிஞர் வைத்தது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

இது பழைய கதையாக முடிந்துவிடவில்லை. மொழி எப்படி மாறியது என்று அறிய ஆய்வாளர்கள் திரும்பிப் போவது இத்தகைய நூல்களிடம்தான். 19ஆம் நூற்றாண்டுக் கான்டனீஸில் கேள்வி கேட்க ‘தெரியும் – சீனம் – தெரியாது’ என்ற வரிசை வழங்கியது. இன்று ‘தெரியும் – தெரியாது – சீனம்’ என்று வினைச்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1972இல் ஹாங்காங் கான்டனீஸ் இலக்கண ஆய்வை வெளியிட்ட சியுங் ஹுங்-நின், பிற்காலத்தில் பழைய பாடநூல்களைக் கொண்டே இம்மாற்றத்தை விளக்கினார். மாற்றம் நடந்தது உறுதி. அதை முதலில் பேசியவர்கள் பெண்களா என்று கேட்டால் அந்த நூல்களிடம் பதில் இல்லை.

வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் சின்னஞ்சிறு இடைச்சொற்கள் கான்டனீஸில் ஏராளம். வியப்பு, சந்தேகம், கெஞ்சல், பிறர் சொன்னதைச் சொல்கிறேன் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் அவையே சுமக்கின்றன. எழுத்துச் சீனத்தில் அவற்றுக்கு இடம் குறைவு. 1984இல் ஹெலன் குவோக் அவற்றை மட்டுமே ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 1996இல் மார்ஜரி சான், ‘ஜே’, ‘ஜெக்’ என்ற இரண்டு இடைச்சொற்களைப் பாலின நோக்கில் ஆராய்ந்தார். ‘இவ்வளவுதானே’ என்று ஒன்றைச் சிறிதாக்கிக் காட்ட உதவுவது ‘ஜே’. ‘ஜெக்’ பெண்களின் கொஞ்சல் என்று பெயரெடுத்தது.

கொஞ்சல் என்று சிரித்து ஒதுக்கிய ஓர் ஒலி ஆய்வுக்குரிய இலக்கணமானது சிறிய காரியமல்ல. பேச்சில் அது என்ன வேலை செய்கிறது, யாரிடம், எப்போது என்று கேட்டபிறகுதான் அந்தப் பெயர் எவ்வளவு மேலோட்டமானது என்பது தெரியும். 1828இன் பெண்களிடம் இனி யாரும் போய்க் கேட்க முடியாது. இன்று பேசுகிறவர்களிடம் கேட்கலாம்.