82 நாள் கணக்கு: மாட்டு மந்தையைச் சினைப்படுத்தும் தொழில்நுட்பத்தின் வரலாறு



வரலாற்றுக்குள் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், 365இல் 283 போக மிச்சம் 82 நாள். கன்று ஈன்றபின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப 40 நாளாவது ஆகும். ஆக, மறுபடி சினைப்படுத்தக் கையில் இருப்பது சுமார் 40 நாள்தான். பசுவோ சுமார் 21 நாளுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும். அந்தப் பருவமும் ஒரு முழு நாள்கூட நீடிப்பது அபூர்வம்.

அப்படியென்றால் எத்தனை வாய்ப்பு? இரண்டே இரண்டு! ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த கன்று மூன்று வாரம் தள்ளிப்போகும். பால் வற்றிய மாட்டுக்குச் சும்மா தீனி போடும் நாளும் அந்த அளவுக்குக் கூடும். நாலைந்து மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன நட்டம் கிடையாது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடந்த 200 ஆண்டுகளில் வந்த கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை காலத்தோடு நடந்த போராட்டம்தான் என்பது புரியும்.

1. பொலிகாளையிலிருந்து சினை ஊசிக்கு

இத்தாலியப் பாதிரியாரும் அறிவியலாளருமான ஸ்பல்லன்சானி, ஒரு பெண் நாய்க்குச் செயற்கை முறையில் விந்து செலுத்தி, 62 நாளில் மூன்று குட்டிகள் பிறந்ததை 1784இல் எழுதினார். அதன்பின் நூறு ஆண்டுக்கும் மேலாக இது ஆய்வுக்கூட விஷயமாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் இலியா இவானோவ்தான் இதைப் பண்ணை விலங்குகளுக்குப் பெரிய அளவில் கொண்டுபோனார்.

உண்மையான திருப்பம் டென்மார்க்கில் நடந்தது. 1936இல் சாம்சோ தீவின் பால் விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் ஆண்டில் 1,070 பசுக்கள் பதிவாயின. 59 விழுக்காடு சினை பிடித்தன. நல்ல காளை வாங்க வசதி இல்லாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து நல்ல காளையின் பலனை அடைந்தார்கள். இனச்சேர்க்கையால் மாட்டுக்கு மாடு பரவிய நோய்களும் குறைந்தன. இதை நேரில் பார்த்துவிட்டு வந்த ஈ. ஜே. பெர்ரி, 1938இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அதே மாதிரி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் இந்த முறையைத் தொடங்கிவைத்தார்.

2. உறைய வைத்த காலம்

முறை வந்தாச்சு, ஆனால் விந்து சில மணி நேரத்திலேயே வீரியம் இழந்தது. 1940 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிலிப்ஸ், லார்டி இருவரும் கோழி முட்டையின் மஞ்சள் கரு கலந்த கரைசலைப் பயன்படுத்தினார்கள். குளிரின் தாக்கத்திலிருந்து மஞ்சள் கரு விந்தணுவைக் காத்தது. 5 பாகை செல்சியஸில் விந்தை மூன்று நாள்வரை வைத்திருக்க முடிந்தது. மணி நாளாயிற்று.

நாள் ஆண்டாக மாறிய கதை இன்னும் சுவையானது. 1949இல் இலண்டனில் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராமல் ஒரு புட்டியில் இருந்தது மட்டும் நன்றாக வேலை செய்தது. சோதித்துப் பார்த்தால் அதில் இருந்தது சர்க்கரையே இல்லை, கிளிசரால்! புட்டிகளின் பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது. 1951இல் உறைவிந்தால் முதல் கன்று பிறந்த செய்தி வெளியானது. பின்னர் திரவ நைட்ரஜன் வந்தது. மைனஸ் 196 பாகையில் உறைவிந்துக் குச்சிகள் பல ஆண்டு கெடாமல் இருந்தன. காளை இறந்த பிறகும் அதன் கன்றுகள் பிறந்தன.

3. பசுவின் நாள்காட்டி

காளையின் பக்கம் காலம் கைக்கு வந்துவிட்டது. பசுவின் பக்கம்? பருவத்துக்கு வந்ததை யாராவது கண்ணால் பார்க்க வேண்டுமே! கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது, கண்ணாடி போன்ற திரவம் வழிவது, இவைதான் அறிகுறிகள். 1940களில் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்த ஆய்விலிருந்து எளிய விதி ஒன்று பிறந்தது: காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி.

ஆனால் இரவில் பருவம் வந்தால்? வெப்ப நாடுகளில் இது பெரிய சிக்கல். வெயிலில் தவிக்கும் பசு அறிகுறியைச் சரியாகக் காட்டாது. மலேசியாவில் நமக்குப் புரியும் சங்கதிதான் இது.

1970களில் புரோஸ்டாகிளாண்டின் ஊசி வழிவிட்டது. சூலகத்தில் இருந்துகொண்டு அடுத்த பருவத்தைத் தடுக்கும் மஞ்சள் திரளை இந்த ஊசி கரைத்துவிடும். 1995இல் விஸ்கான்சினில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் மூவரும் ‘ஓவ்சிங்க்’ முறையை வெளியிட்டார்கள். முதல் நாள் ஜி.என்.ஆர்.எச். ஊசி, 7 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், அதற்கு 2 நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.எச்.; சுமார் 16 மணி நேரத்தில் சினை ஊசி. பருவம் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பத்தே நாளில் மந்தை முழுவதையும் ஒரே நாளுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

நியூசிலாந்தைப் பாருங்க. புல் செழிக்கும் வசந்தத்தையொட்டி, ஜூலை, ஆகஸ்டில் மந்தை கன்று ஈன வேண்டும். அதற்காக அக்டோபரில் சினைப்படுத்தத் தொடங்குகிறார்கள். பிந்திய பசு புல்லையும் இழக்கும், அடுத்த ஆண்டுக் கணக்கிலும் பிந்தும்.

4. ஊசிக்கு முன்னால் தீனி

சரி, ஊசி மட்டும் போதுமா? போதாது. மெலிந்து எலும்பு தெரியும் பசுவுக்குச் சூலகமே சரியாக இயங்காது. அதனால் மந்தையைத் தயார்செய்யும் வேலை பல வாரம் முன்பே தொடங்குகிறது. 1 முதல் 5 வரையான உடல்நிலை மதிப்பெண்ணில், ஈனும்போது பசு 3க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிடேரியாக இருந்தால், வளர்ந்த பசுவின் எடையில் 60 முதல் 65 விழுக்காடு வந்திருக்க வேண்டும். தடுப்பூசி, தாதுச் சத்து, கருப்பைப் பரிசோதனை எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும்.

5. ஒரே காளை, 20 லட்சம் கொள்ளுப்பேத்திகள்

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் 1962இல் பிறந்த ‘பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளுப்பேத்திகள்! பால் பெருகியது. ஆனால் அதன் மரபணுவில் ஒரு குறை ஒளிந்திருந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அந்தக் குறை வந்து சேர்ந்த கரு வயிற்றிலேயே இறந்துவிடும். உலகெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இப்படிச் சிதைந்ததாக 2016இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதே காளையால் கிடைத்த பால் இலாபம் இந்த நட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் அவர்களே சொன்னார்கள். இன்று மரபணுச் சோதனை செய்து, குறையுள்ள காளையையும் குறையுள்ள பசுவையும் சேர்க்காமல் தவிர்க்கிறார்கள்.

உறைவிந்து இல்லாத காலத்தில் ஒரு காளையின் குறை சில ஊர்களோடு நின்றிருக்கும். காலத்தையும் தூரத்தையும் வென்ற அதே குச்சிதான் குறையையும் உலகம் சுற்ற வைத்தது.

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு

ஆண்டுகளை வரிசையாக ஒப்பிப்பதால் மட்டும் நல்ல புள்ளி கிடைக்காது. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் எந்தச் சிக்கலைத் தீர்த்தது, எந்தப் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது என்று காரணத்தையும் விளைவையும் இணைத்து எழுதுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட:

1. பசுவுக்குக் கையில் இருக்கும் நாள் 82 அல்ல, சுமார் 40தான் என்பதை எப்படி விளக்குவீர்கள்?
2. சாம்சோவில் சிறு விவசாயிகள் வென்றதற்குத் தொழில்நுட்பம் காரணமா, கூட்டுறவு காரணமா?
3. 1949இல் நடந்ததை வெறும் அதிர்ஷ்டம் எனலாமா? புட்டியைச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
4. சீஃப் காளையின் கதையில் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?